“இந்தி தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்கீங்களா?” குழந்தைகள் வார்டில் ஒரு சொல் தவறினால் உயிருக்கே ஆபத்து!

சென்னை,

பெரிய ஆஸ்பத்திரி வாசலில் டீக்கடை வைத்திருப்பவரைக் கேட்டுப் பாருங்கள். இந்தக் குரல் அவருக்குப் பழக்கமானது.

“இந்தி தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்கீங்களா? குழந்தைங்க வார்டுல டாக்டர் கூப்பிடறாரு... அவசரம்!”

பம்பாயில் ரெண்டு வருஷம் வேலை பார்த்த டீ மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போவார். அவர் இல்லாவிட்டால் லாட்ஜ் கிளார்க். அவரும் இல்லாவிட்டால் பக்கத்துக் கட்டில் குழந்தையின் மாமா.

உள்ளே கட்டிலில் துவண்டு கிடக்கும் குழந்தை. தலைமாட்டில் திருதிருவென விழிக்கும் தாய். கையில் பேனாவுடன் டாக்டர்.

“எத்தனை நாளா காய்ச்சல்? கேளுங்க.”

டீ மாஸ்டர் கேட்பார். தாய் அழுதுகொண்டே ரெண்டு நிமிஷம் பேசுவார். கையை ஆட்டிக் காட்டுவார். குழந்தையின் கண்ணைத் தொட்டுக் காட்டுவார். டீ மாஸ்டர் டாக்டர் பக்கம் திரும்புவார்.

“ரெண்டு நாளாம் சார்!”

அவ்வளவுதான். மீதிப் பேச்சு எங்கே போயிற்று?

ராத்திரி கை கால் வெட்டியதா, கண் மேலே சொருகியதா, முன்பு ஒரு தடவை மருந்து கொடுத்து உடம்பெல்லாம் தடித்ததா, ஊரில் கொடுத்த மாத்திரை என்ன... எல்லாம் அந்த மீதியில்தான் இருக்கிறது. சமயத்தில் குழந்தையின் உயிரும் அதில்தான் இருக்கிறது.

டீ மாஸ்டர் மேல் தப்பில்லை. கடையைப் போட்டுவிட்டு உபகாரம் செய்ய வந்தவர் அவர். தப்பு வேறு இடத்தில் இருக்கிறது.

இவர்கள் யார்?

சென்டிரலில் ஹவுரா மெயில் வந்து நிற்கும்போது பிளாட்பாரத்தைப் பார்த்தால் தெரியும். அடுக்குமாடிக் கட்டட வேலைக்கு, ஓட்டல் வேலைக்கு, ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கு, திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு என்று பீகார், ஜார்கண்ட், வங்காளம், ஒடிசா, அசாமிலிருந்து வருகிறார்கள். திருவள்ளூர் பக்கத்துச் செங்கல் சூளைகளுக்கு மேற்கு ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாகவே வருகிறார்கள். கைக்குழந்தையும் கூடவே வருகிறது. குழந்தை என்றால் காய்ச்சலும் வரும், பேதியும் வரும்.

வைத்தியத்துக்கென்றே வருகிறவர்கள் தனி. நெல்லூர், சித்தூர் பக்கத்துத் தெலுங்குக் குடும்பங்களுக்குப் பெரிய வைத்தியம் என்றால் ரொம்ப காலமாகவே சென்னைதான். வேலூருக்குப் போனால் கடை போர்டுகளே வங்காளத்தில் இருக்கின்றன. கல்கத்தா பக்கத்திலிருந்து அத்தனை பேர் வைத்தியத்துக்கு வருகிறார்கள்.

இங்கே நாம் செய்யும் முதல் தப்பு ஒன்று உண்டு. வடக்கே இருந்து வந்தவர் என்றால் இந்தி தெரியும் என்று முடிவு கட்டிவிடுகிறோம். மேற்கு ஒடிசாவில் பேசுவது சம்பல்புரி. ஜார்கண்டில் பல கிராமங்களில் சந்தாலி. பீகாரில் வீட்டுப் பேச்சு போஜ்புரியாகவோ மைதிலியாகவோ இருக்கும். பள்ளிக்கூடம் போகாத ஒரு தாய்க்கு இந்தியே அரைகுறைதான்.

அரைகுறை இந்தி தெரிந்த தாய். அரைகுறை இந்தி தெரிந்த டீ மாஸ்டர். அரையும் அரையும் சேர்ந்தால் கணக்கில் ஒன்று. மொழியில் அது கால்தான்!

சம்கியா, வலிப்பா?

ஓர் உதாரணம். பீகாரில் முசாபர்பூர் பக்கம் குழந்தைகளுக்குக் காய்ச்சலோடு வலிப்பு வந்தால் அதைச் “சம்கி” என்பார்கள். காய்ச்சலுக்கு “புகார்.” ஆக, “சம்கி புகார்.” 2019 கோடையில் இந்த நோய்க்குப் பீகாரில் 100க்கும் மேற்பட்ட குழந்தைகள் பலியானார்கள். அந்த ஊர்த் தாய்மாருக்கு அடிவயிற்றைக் கலக்கும் சொல் அது.

அதே சொல் நம் ஊரில் என்ன? ரவிக்கையில் தைக்கிற ஜிகினா! புகார் என்றால் போலீசில் எழுதிக் கொடுப்பது!

முசாபர்பூர்த் தாய் ஒருத்தி “சம்கி, சம்கி” என்று நம் வார்டில் கதறினால், பக்கத்தில் நிற்பவருக்கு என்ன புரியும்? சினிமா பார்த்து இந்தி கற்றவருக்கும் ‘மினுக்குவது’ என்றுதான் தோன்றும். வலிப்பு என்று தோன்றாது.

இன்னொன்று. இந்தியில் “கல்” என்றால் நேற்று. “கல்” என்றாலே நாளையும்தான்! வாக்கியத்தின் மற்ற சொற்களைப் பார்த்துத்தான் எது என்று தெரியும். இந்திக்காரர்களுக்கு அதில் குழப்பமே வராது. அரைகுறையாகத் தெரிந்தவருக்கு வரும். நேற்றே நின்றுபோன மருந்து நாளை நிறுத்த வேண்டிய மருந்தாகிவிடும்.

அண்ணன் தம்பி மொழியிலும் ஆபத்து

“தெலுங்குதானே, நமக்குப் புரியாதா?” என்பீர்கள். அங்கேதான் வழுக்குகிறது.

தெலுங்குத் தாய் குழந்தைக்கு “ஆயாசம்” என்பார். தமிழில் ஆயாசம் என்றால் களைப்பு. குழந்தை அசதியாக இருக்கிறது என்று விட்டுவிடுவோம். ஆனால் தெலுங்கில் அது மூச்சு வாங்குவது. நிமோனியா கண்ட குழந்தைக்கு அதுதான் அபாய மணி.

“மூர்ச்ச” என்பார். நமக்கு மூர்ச்சை என்றால் மயக்கம். தெலுங்கில் அது காக்காய் வலிப்பு.

மலையாளத்தில் “சர்தி” என்றால் வாந்தி. இந்தியில் “சர்தி” என்றால் ஜலதோஷம். இந்திக்காரத் தாய் சொல்லி, கேரளத்து நர்சம்மா கேட்டால் சளிக்காரக் குழந்தை வாந்திக்காரக் குழந்தை ஆகிவிடும்!

கேட்க வேடிக்கைதான். கட்டிலில் கிடப்பது நம் குழந்தை என்றால் வேடிக்கை இல்லை.

“குழந்தைக்கு இழுக்குது!”

அதெல்லாம் எதற்கு? நம் தமிழையே எடுத்துக்கொள்ளுங்கள். “குழந்தைக்கு இழுக்குது டாக்டர்” என்று ஒரு பாட்டி சொன்னால் அது வலிப்பாகவும் இருக்கலாம், மூச்சிழுப்பாகவும் இருக்கலாம். தமிழ் தெரிந்த டாக்டர் உடனே மடக்குவார். “கை கால் இழுக்குதா, மூச்சு இழுக்குதா பாட்டி?” ஒரே ஒரு மறுகேள்வி. தீர்ந்தது சந்தேகம்.

மொழி இல்லாத இடத்தில் அந்த மறுகேள்வி இல்லை. அப்படி ஒரு குழந்தைக்கு நேர்ந்த கதை உலகப் பிரசித்தம்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் மெர்செட் என்று ஓர் ஊர். 1982 ஜூலையில் அங்கே லியா லீ என்ற பெண் குழந்தை பிறந்தது. பெற்றோர் லாவோஸ் நாட்டிலிருந்து அகதிகளாக வந்த மாங் இனத்தவர். இங்கிலீஷ் தெரியாது. எழுதப் படிக்கவும் தெரியாது.

மூன்று மாதக் குழந்தைக்கு வலிப்பு வந்தது. அக்டோபரில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடினார்கள். போய்ச் சேர்வதற்குள் வலிப்பு நின்றுவிட்டது. நடந்ததைச் சொல்ல வாய் இருந்தது, மொழி இல்லை. மொழிபெயர்க்கவும் ஆள் இல்லை. டாக்டர் பார்த்தார். இருமல் இருந்தது. எக்ஸ்ரேயில் நெஞ்சில் ஏதோ தெரிந்தது. நிமோனியா என்று மருந்து கொடுத்து அனுப்பினார். நவம்பரில் மறுபடி வந்தார்கள். மறுபடியும் அதே கதை.

1983 மார்ச்சில் மூன்றாம் முறை கொண்டுவந்தபோது குழந்தை டாக்டர் கண்ணெதிரேயே வலிப்பில் துடித்தது. அப்போதுதான் வியாதி இன்னதென்று தெரிந்தது. நாலு மாதத்துக்கு மேல் வீணாகியிருந்தது!

அதோடு முடியவில்லை. நாலு வருஷத்துக்குள் 23 முறை மருந்துச் சீட்டை மாற்றினார்கள். இதை நிறுத்து, அதைப் பாதியாக்கு, இதை மூன்று வேளை கொடு... சீசாவில் ஒட்டிய எழுத்தைப் படிக்கத் தெரியாத தாய் தகப்பன் என்ன செய்வார்கள்? மருந்தைச் சரியாகக் கொடுக்கவில்லை என்று 1985ல் குழந்தையைப் பிரித்து வேறு வீட்டில் வைத்தார்கள். சுமார் ஒரு வருஷம் கழித்துத்தான் திருப்பிக் கொடுத்தார்கள்.

1986 நவம்பரில் வந்த பெரிய வலிப்பும் ரத்தத்தில் ஏறிய கிருமியும் சேர்ந்து குழந்தையின் மூளையை அழித்தன. அதன்பின் பேச்சில்லை, நினைவில்லை. தாய் தகப்பன் கண்ணில் வைத்துப் பாதுகாத்தார்கள். 2012ல் தன் 30வது வயதில் லியா இறந்தாள்.

மொழி ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. நம்பிக்கைகளும் மோதின. ஆவி பிடித்ததால் வலிப்பு வருகிறது என்பது அவர்கள் இனத்தின் நம்பிக்கை. டாக்டர்களும் கெட்டவர்கள் இல்லை, ராப்பகலாகப் பாடுபட்டவர்கள். ஆனி பாடிமன் என்ற பெண் பத்திரிகையாளர் 1997ல் இதைப் புத்தகமாக எழுதினார். மருத்துவ மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். நல்ல டாக்டர், நல்ல தாய், நடுவில் மொழி இல்லை என்றால் என்ன ஆகும் என்பதுதான் அதில் உள்ள பாடம்.

ஒரே வார்த்தை... 7 கோடி டாலர்!

1980ல் அமெரிக்காவின் புளோரிடாவில் இன்னொரு சம்பவம். வில்லி ராமிரெஸ் என்ற 18 வயது மாணவன் திடீரென்று நினைவிழந்தான். கியூபாவிலிருந்து வந்த குடும்பம். “இன்டாக்சிகாடோ” என்றார்கள். ‘எதையோ சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை’ என்று அவர்கள் பேச்சில் அர்த்தம். இங்கிலீஷ் காதில் அது ‘போதை’ என்று விழுந்தது. போதை மருந்து கேஸ் என்று வைத்தியம் பார்த்தார்கள். உண்மையில் மூளையில் ரத்தக் கசிவு. தெரிவதற்குள் காலம் கடந்துவிட்டது. பையனுக்குக் கை கால் நாலும் விளங்காமல் போயிற்று. நஷ்டஈடு சுமார் 7 கோடியே 10 லட்சம் டாலர்!

எண்ணிப் பார்த்தார்கள்

“யாரோ ஒருத்தர் சொல்லிவிட்டால் போதாதா?” என்று கேட்கலாம். அமெரிக்காவில் இதை எண்ணியே பார்த்துவிட்டார்கள். 2003ல் வெளிவந்த ஆராய்ச்சி அது. குழந்தைகளைக் காட்ட வந்த ஸ்பானிஷ் மொழித் தாய்மாரும் டாக்டரும் பேசியதை ஒலிநாடாவில் பதிவு செய்தார்கள். மொத்தம் 13 சந்திப்புகள். அதில் மொழிபெயர்ப்புத் தவறுகள் 396! சராசரியாக ஒரு சந்திப்புக்கு 31. நூற்றுக்கு 63 தவறுகள் வைத்தியத்தையே பாதிக்கக்கூடியவை. பாதிக்கு மேல் என்ன தவறு தெரியுமா? சொன்னதைச் சொல்லாமல் விட்டது. நம்ம “ரெண்டு நாளாம் சார்” கதைதான்!

காது வலிக்காக வாயில் கொடுக்க வேண்டிய மருந்தை ரெண்டு காதிலும் ஊற்றச் சொல்லிவிட்டார் ஒருவர். முகத்தில் மட்டும் பூச வேண்டிய களிம்பை உடம்பு பூராவும் பூசச் சொல்லிவிட்டார் இன்னொருவர்.

2012ல் வந்த மற்றொரு ஆராய்ச்சி இதைவிட அதிர்ச்சி. ரெண்டு குழந்தைகள் அவசரப் பிரிவில் எடுத்த கணக்கு. பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் செய்த தவறுகளில் நூற்றுக்கு 12 ஆபத்தானவை. அக்கம்பக்கத்தில் கிடைத்தவரைப் பிடித்துவந்தபோது 22. யாருமே இல்லாதபோது 20. அதாவது, அரைகுறை ஆளை வைத்துக்கொள்வதும் ஆளே இல்லாமல் இருப்பதும் கிட்டத்தட்ட ஒன்றுதான்! 100 மணி நேரம் அல்லது அதற்கு மேல் பயிற்சி பெற்றவர்களிடம் அது வெறும் 2 ஆகக் குறைந்தது.

மொழி தெரிவது வேறு, மொழிபெயர்ப்பது வேறு. சைக்கிள் ஓட்டத் தெரிந்தவரெல்லாம் பஸ் ஓட்டிவிட முடியுமா?

சின்னஞ்சிறு மொழிபெயர்ப்பாளர்

எல்லாவற்றிலும் பரிதாபம் ஒன்று உண்டு. வெளிமாநிலத் தொழிலாளர் பிள்ளைகள் நம் கார்ப்பரேஷன் பள்ளிகளில் படிக்கிறார்கள். ஆறே மாதத்தில் அழகாகத் தமிழ் பேசிவிடுகிறார்கள். குடும்பத்திலேயே தமிழ் தெரிந்த ஆள் அந்தப் பத்து வயசுப் பிள்ளைதான் என்றால், ஆஸ்பத்திரியில் யாரைக் கூப்பிடுவார்கள்?

“தம்பிக்கு இதயத்துல ஓட்டை இருக்கு, அம்மாகிட்ட சொல்லு.” இதை அந்தப் பிள்ளை சொல்ல வேண்டுமா? “பிழைக்கிறது கஷ்டம்” என்பதை எந்த வார்த்தையில் சொல்லும்? சொல்லாமல் விட்டால் அதன் மேல் கோபப்பட முடியுமா? நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால், ‘நாம சரியா சொல்லலையோ’ என்று ஆயுசுக்கும் அதன் மனசு கிடந்து அடித்துக்கொள்ளாதா?

2003 ஆராய்ச்சியிலும் மொழிபெயர்த்தவர்களில் ஒருவர், நோயாளிக் குழந்தையின் கூடப் பிறந்த 11 வயதுப் பிள்ளைதான். உயிர் போகிற அவசரம் தவிர மற்ற நேரத்தில் சிறு பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்று 2016ல் அமெரிக்க அரசு விதியே போட்டது. ஆஸ்திரேலியா 1973லேயே டெலிபோனில் மொழிபெயர்ப்பு வசதியைத் தொடங்கிவிட்டது. இப்போது 24 மணி நேரமும் 150க்கும் மேற்பட்ட மொழிகளில் அது நடக்கிறது. டாக்டர் போனைச் சுழற்றினால் அந்தப் பக்கம் மொழி தெரிந்தவர் பேசுவார்.

இங்கே என்ன செய்யலாம்?

தேசிய மனித உரிமை ஆணையம் 2018ல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனம், நோயாளிக்குத் தெரிந்த மொழியில் விவரம் சொல்ல வேண்டும் என்கிறது. எழுத்தில் இருக்கிறது. வார்டுக்கு வர வேண்டும்.

அதற்குக் கோடிக்கணக்கில் செலவில்லை. ஆள் உள்ளேயே இருக்கிறது! அரசு மருத்துவக் கல்லூரிகளில் எம்.பி.பி.எஸ். இடங்களில் நூற்றுக்கு 15, மேற்படிப்பில் நூற்றுக்கு 50 அகில இந்திய ஒதுக்கீடு. பீகார், வங்காளம், ஆந்திராவிலிருந்து வந்து படிக்கும் டாக்டர்கள் அதே கட்டடத்தில் நடமாடுகிறார்கள். நர்சுகள், மருந்துக் கவுண்டர்க்காரர்கள், வாட்ச்மேன்களிலும் ரெண்டு மூன்று மொழி தெரிந்தவர்கள் உண்டு. யாருக்கு என்ன மொழி, எந்த ஷிப்டு, போன் நம்பர் என்ன... ஒரே ஒரு பட்டியல் எழுதி வார்டில் ஒட்டினால் பாதிப் பிரச்சினை தீரும். அதிகம் பேர் வரும் ஆஸ்பத்திரிகளில் பயிற்சி கொடுத்து ஆள் நியமித்தால் முழுசும் தீரும்.

“செல்போனிலேயே மொழிபெயர்ப்பு வந்துடுச்சே சார்?” வந்துவிட்டது. தண்ணீர் எங்கே, பாத்ரூம் எங்கே என்று கேட்க நல்ல சாதனம். ஆனால் அழுகையோடு பேசும் கிராமத்துப் பேச்சு அதற்குப் பிடிபட வேண்டும். அது தப்பாகச் சொன்னால், தப்பு என்று கண்டுபிடிக்க அங்கே யாருக்கும் மொழி தெரியாது! ஆபரேஷன் சம்மதத்துக்குக் கைநாட்டு வாங்க அதை நம்பக் கூடாது.

உங்களைக் கூப்பிட்டால்...

அதெல்லாம் நடக்கிறபோது நடக்கட்டும். அதுவரை கூப்பிடப் போவது உங்களைத்தான். கடைக்காரரே, கிளார்க்கே, பஸ்ஸுக்கு நிற்பவரே! போக மாட்டேன் என்று சொல்லிவிடாதீர்கள். போங்கள். ஆனால் இதை மனதில் வைத்துக்கொண்டு போங்கள்.

1. உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். “சுமாராத்தான் தெரியும் சார்” என்பதில் வெட்கம் இல்லை.

2. தாய் பேசியது பூராவும் சொல்லுங்கள். எது முக்கியம் என்று முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர், நாம் இல்லை.

3. ரெண்டு வாக்கியத்துக்கு ஒரு தடவை நிறுத்தச் சொல்லுங்கள். நீளமாகப் பேசினால் பாதி மறந்துபோகும்.

4. புரியாத சொல்லை ஊகம் செய்யாதீர்கள். “சம்கின்னு ஒரு வார்த்தை சொல்றாங்க, எனக்குப் புரியல” என்று அந்தச் சொல்லையே டாக்டரிடம் கொடுத்துவிடுங்கள். தாயைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

5. உங்கள் சொந்த வைத்தியத்தை நடுவில் சேர்க்காதீர்கள். தாயை அதட்டாதீர்கள்.

6. மருந்து என்றால் அளவு, வேளை, எத்தனை நாள்... மூன்றையும் சொல்லுங்கள். ‘ஒரு ஸ்பூன்’ என்று விட்டுவிடாமல் மருந்து மூடியில் எந்தக் கோடு என்று காட்டுங்கள். உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தை ஒரு லிட்டரில் கரைப்பதா, ஒரு டம்ளரிலா என்று பொட்டலத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். ஆபரேஷனுக்கு முன் வெறும் வயிறு என்றால் பிஸ்கட்டும் கூடாது என்று சொல்லுங்கள்.

7. கடைசியாக, தாயையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். “புரிஞ்சுதா?” என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். “எப்படிக் குடுப்பீங்க, சொல்லுங்க” என்று கேட்டால்தான் உண்மை வெளிவரும்.

8. அங்கே கேட்டதை வெளியே வந்து டீக்கடையில் பேசாதீர்கள்.

ஒரு நிமிஷம் யோசியுங்கள். நாளைக்கே நம் வீட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு டெல்லியில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நாம் நிற்க நேரலாம். “மதராசி தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?” என்று அங்கே ஒருவர் கத்துவார். மதராசி என்று ஒரு மொழியே இல்லை! யாரோ ஒருவர் வருவார். நாம் ரெண்டு நிமிஷம் அழுது சொல்வோம். அவர் டாக்டர் பக்கம் திரும்பி ரெண்டே வார்த்தை சொன்னால் நமக்கு வயிறு எப்படி எரியும்?

அந்தத் தாய்க்கும் அப்படித்தான் எரியும். அடுத்த தடவை வார்டு பாய் ஓடி வந்தால் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் போங்கள் மாஸ்டர். அந்த அம்மா ரெண்டு நிமிஷம் பேசினால், நீங்களும் ரெண்டு நிமிஷம் பேசுங்கள்!